நியூயார்க்ல டெலி டூர் புக் பண்ணப் போறீங்களா? 440 டாலர் விட்டவன் சொல்றேன், கேளுங்க

டெலின்னா கறி சாண்ட்விச்சுக்குப் பேர் போன கடை. அதுங்களைச் சுத்திக் காட்டற டூர்ல விட்டேன் 440 டாலர். இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, சனிக்கிழமை நடந்தது, இன்னும் வயிறு எரியுது. ஊர்ல இருந்து வந்த பெரியவங்களை நியூயார்க் கூட்டிட்டுப் போற நியூ ஜெர்சி ஆட்கள் எல்லாரும் படிங்க. என்னென்ன கவனிக்கணும்னு கடைசில வரிசையா எழுதுறேன்.

மாமாவும் அத்தையும் நாகர்கோவில்ல இருந்து வந்து மூணு வாரம் ஆச்சு. மாமாவை எதுவும் அசைக்கல. சுதந்திர தேவி சிலையைப் பார்த்து "ம்"னார். டைம்ஸ் ஸ்கொயரைப் பார்த்து "கரண்ட் பில்லு எவ்வளவு வரும்?"னு கேட்டார். பாஸ்ட்ராமி பத்திச் சொன்னப்பதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாட்டு நெஞ்சுக்கறியை நாள்கணக்கா உப்புத்தண்ணில ஊறப்போட்டு, மிளகும் கொத்தமல்லி விதையும் தடவி, புகை போட்டு, கடைசில ஆவில வேகவெச்சு, சுடச்சுட கையால அறுத்து ரைங்கற தானியத்துல செஞ்ச ரொட்டிக்கு நடுவுல அடுக்குவாங்கன்னேன். "அப்போ நம்ம உப்புக்கண்டத்துக்குத் தம்பி"ன்னார். ருமேனியாவுல இருந்து வந்த யூதக் குடும்பங்கள் கொண்டு வந்த பக்குவம் அது. மாமா சொன்ன உறவுமுறை ஒண்ணும் தப்பில்ல.

சரி, ஊர்லயே நல்ல சாண்ட்விச் எது? தேட ஆரம்பிச்சா தலை சுத்துது. ஹூஸ்டன் தெரு - லட்லோ தெரு முக்குல 1888-ல இருந்து இருக்கற கட்ஸ்தான்னு ஒரு கூட்டம். இல்ல, 1954-ல தொடங்கி இப்போ 33வது தெருவுல இருக்கற செகண்ட் அவென்யூ டெலிதான்னு இன்னொரு கூட்டம். அது கோஷர் கடை, அதாவது யூத உணவு விதிப்படி நடக்கறது, கறியோட சீஸ் கேட்டா கிடைக்காது. இப்படி அடிச்சுக்கிறாங்களே, பேர் போன கடையெல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டற டூர் இருந்தா நல்லா இருக்குமேன்னு போச்சு புத்தி.

கிடைச்சுது. சுற்றுலா அனுபவங்களுக்கு டிக்கெட் விக்கிற ஒரு பெரிய தளம். நாலு மணி நேரம், அஞ்சு டெலி, வரிசைல நிக்க வேண்டாம், தலைக்கு 130 டாலர். நட்சத்திரம் 4.9. நாலு பேருக்கு 520 கட்டிட்டேன்.

அன்னிக்கு ராத்திரியே வழிகாட்டி வாட்ஸ்அப்ல வந்தான். நான் விழுந்தது இங்கதான். "உங்க மாமனாருக்குப் பல்லு எப்படி? மெல்ல முடியும்னா மெலிஞ்ச துண்டு சொல்றேன், இல்லன்னா கொழுப்போட இருக்கறதுதான் பஞ்சு மாதிரி இருக்கும்"னு கேட்டான். பெத்த பிள்ளைகூட கேக்காது இந்தக் கேள்வியை! "சாண்ட்விச்ல மஸ்டர்ட், அதான் கடுகு சாஸ், மட்டும்தான். யாராவது மயோனைஸ் கேட்டா டூர்ல இருந்தே இறக்கி விட்டுருவேன்"னு ஜோக் வேற. நான் அதை வீட்ல எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லிச் சிரிச்சேன்.

மறுநாள் விஷயத்துக்கு வந்தான். தளம் ஏகப்பட்ட கமிஷன் எடுக்குதாம். அங்க ரத்து பண்ணிட்டா 520-உம் முழுசாத் திரும்ப வந்துரும், எனக்கு நேரா 440 அனுப்புங்க, உங்களுக்கு 80 மிச்சம், எனக்கும் நல்லதுன்னான். "எதுக்குங்க ரத்து பண்ணச் சொல்றான்?"னு வீட்டுக்காரி கேட்டா. "அவனும் பொழைக்க வேண்டாமா"ன்னு நான் தர்மப்பிரபு மாதிரி பேசிட்டு, ஊர்ல ஜிபே பண்ற மாதிரி வங்கிச் செயலில இருந்து நேரா 440 டாலரை அனுப்பிட்டேன். ரத்து பண்ண பணம் சொன்ன மாதிரியே வந்துச்சு. அதனால நம்பிக்கை இன்னும் கூடிப்போச்சு.

சனிக்கிழமை கட்ஸ் வாசல்ல நாப்பது நிமிஷம் காத்திருந்தோம். சிவப்புத் தொப்பியோட வந்தான். "இன்னிக்கு வரிசை மோசம், முதல்ல வேற டெலி போய்ட்டு வந்துடலாம்"னு ரெண்டு தெரு தள்ளிக் கூட்டிட்டுப் போனான். லாட்டரிச் சீட்டு, பூனைத் தீனி, சோப்பு எல்லாம் விக்கிற மூலைக்கடை. நியூயார்க்ல சாண்ட்விச் போடற பெட்டிக்கடைக்கும் டெலின்னுதான் பேரு! பிளாஸ்டிக் பாக்கெட்டைக் கிழிச்சு, மெஷின்ல அறுத்த கறியை மைக்ரோவேவ்ல வெச்சாங்க. டிங்னு சத்தம். கறி மேல எண்ணெய் பட்ட தண்ணி மாதிரி பச்சையும் ஊதாவுமா ஒரு மினுமினுப்பு. மாமா ரொட்டியைத் தூக்கிப் பார்த்தார். உள்ள மயோனைஸ்.

நான் நிமிர்ந்து பார்க்கும்போது அவன் கதவுகிட்ட இருந்தான். "பார்க்கிங் மீட்டர் முடியுது, ரெண்டு நிமிஷம்"னான். போனவன் போனவன்தான். வாட்ஸ்அப்ல ஒத்தை டிக்தான் விழுது. ஒரு மணி நேரம் அந்தக் கடை வாசல்லயே நின்னோம். அத்தைக்கு முட்டி வலி வந்துருச்சு, கட்ஸ் வரிசைல போய் நிக்கற நிலைமைல யாரும் இல்ல. மாமா அந்த சாண்ட்விச்சை முழுசாச் சாப்பிட்டார், என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு. அதுதான் தாங்கல.

திரும்பி வர்ற ரயில்ல அவன் அனுப்பின அஞ்சு கடைப் பட்டியலை முதல்தடவையா நிதானமாப் பார்த்தேன். பட்டியல்ல நாலாவது கடை, ஏழாவது அவென்யூல இருந்த கார்னகி டெலி. அந்தக் கடை 2016 டிசம்பர் 31 அன்னிக்கே மூடியாச்சு! மூடின கடைக்கு டூர் வித்திருக்கான், நானும் 440 டாலர் கொடுத்து வாங்கியிருக்கேன். ஒரே ஒரு தடவை கூகுள்ல தட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். நட்சத்திரத்தை எண்ணினேனே தவிர கடையைப் பார்க்கல.

தளத்துக்குப் புகார் போட்டேன். முதல்ல ரோபோ. "உங்கள் பசியைப் புரிந்துகொள்கிறோம்"ங்கற மாதிரி ஏதோ உளறுச்சு. அப்புறம் ஒரு ஆள், 48 மணி நேரம் பொறுங்கன்னார். அப்புறம் வேற ஒரு ஆள், "நீங்களே ரத்து செய்துவிட்டீர்கள், எங்கள் கணக்கில் இந்தப் பயணமே இல்லை"ன்னார். வாட்ஸ்அப் படமெல்லாம் அனுப்பினேன். "வெளியில் நடந்த பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, அடுத்த முன்பதிவுக்கு 20 டாலர் கூப்பன் தருகிறோம்"னு பதில். அவன் டூர் இன்னிக்கும் அங்க 4.9 நட்சத்திரத்தோட ஓடிக்கிட்டிருக்கு. வங்கிக்குப் போன் பண்ணா, "நீங்களேதானே அனுப்பினீங்க?"ன்னு கேட்டு வெச்சுட்டாங்க. கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா கார்டு கம்பெனிகிட்ட முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம். 440 டாலர் போனது போனதுதான்.

வரிசையா எழுதுறேன்னேன், எழுதற பொறுமை இல்ல. தளத்துல புக் பண்ணதை ரத்து பண்ணிட்டு நேரா பணம் அனுப்பச் சொன்னா அங்கயே நிறுத்துங்க. பட்டியல்ல இருக்கற கடை உயிரோட இருக்கான்னு பாருங்க. கட்ஸ் மாதிரி கடைக்கு டூரே வேண்டாம். உள்ள நுழையும்போது ஆளுக்கொரு சீட்டு தருவாங்க, வாங்கறதை அதுல குறிச்சுக் கொடுப்பாங்க, வெளிய வரும்போது காசு. சீட்டைத் தொலைச்சா தனியாத் தண்டம். கறி அறுக்கறவர்கிட்ட நேரா நின்னா, ருசி பார்க்க ஒரு துண்டு தட்டுல வெச்சுத் தருவார், ஒண்ணு ரெண்டு டாலர் டிப்ஸ் போடுங்க. அவ்வளவுதான்.

"விடுங்க மாப்ளே, ஒரு கன்னுக்குட்டி செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கலாம்"னு மாமா இன்னிக்குக் காலைல சொன்னார். ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு ஃபிளைட். வியாழக்கிழமை லீவு போட்டிருக்கேன், காலைல கட்ஸ் கூட்டம் சேரறதுக்குள்ள உள்ள போயிரணும். நாலு சீட்டும் அத்தை கைப்பைல இருக்கும், என்கிட்ட கொடுக்க மாட்டேன்னுட்டாங்க.