வெளிநாட்டில் தொடக்கப் பள்ளி: பி.ஒய்.பி., பிரிட்டிஷ், அமெரிக்கன், சி.பி.எஸ்.இ. – எது யாருக்கு?

மைதானம், நீச்சல் குளம், வகுப்பறையின் பளபளப்பு எல்லாம் எந்தச் சர்வதேசப் பள்ளியிலும் நன்றாகவே இருக்கும். அவற்றை வைத்துத் தேர்வு செய்ய முடியாது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பள்ளியை விட்டுப் பிள்ளை அடுத்து எங்கே போகும் என்பது. வேலை மாற்றலில் வந்த குடும்பம் ஐந்தாறு வருடம் ஒரே ஊரில் தங்குவதற்கு உத்தரவாதம் கிடையாது. நடுவில் கிளம்ப நேர்ந்தால் எந்தப் பாடத்திட்டம் பிள்ளையை எந்த நிலையில் விடும் என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அதற்கும் முன்னால் வகுப்பு எண் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 2018 ஜூனில் பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஆறு வயது நிறைந்த பிறகே ஒன்றாம் வகுப்பு என்ற கணக்கை வைக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளியில் 2025 ஏப்ரலில்தான் ஒன்றாம் வகுப்பு. அதே வருடம் செப்டம்பரில் பிரிட்டிஷ் பள்ளி அந்தப் பிள்ளையை ‘இயர் 3’ என்று வைக்கும். செப்டம்பர் 1 வயதுக் கணக்கு பார்க்கும் அமெரிக்கன் பள்ளியில் ‘கிரேடு 2’. ஆக, “ஒன்றாம் வகுப்பு முடித்துவிட்டான், இரண்டில் சேருங்கள்” என்று எண்ணை மட்டும் சொல்லி விண்ணப்பித்தால் பிள்ளை தன் வயதுக்காரர்களோடு சேராமல் போகலாம். எண்ணை விட்டுவிட்டுப் பிறந்த தேதியைச் சொல்லி, எந்த வகுப்பில் வைக்கிறார்கள், ஏன் என்று எழுத்தில் வாங்குங்கள்.

<b>பிரிட்டிஷ் வழி</b>

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் மிகத் தெளிவாக எழுதப்பட்டது. 5 முதல் 7 வயது வரை முதல் கட்டம், 7 முதல் 11 வரை இரண்டாம் கட்டம். இயர் 4 முடிவதற்குள் 12×12 வரை வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும் என்பது போல, எதை எப்போது முடிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்துக்கு இது பெரிய வசதி. ஒரு பிரிட்டிஷ் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் விட்டுப்போன பாடம் எது என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

சிக்கல் வருவது நுழைவில். இந்த முறையில் படிப்பு சீக்கிரமே தொடங்கிவிடும். நான்கு வயது நிறைந்த பிறகு வரும் செப்டம்பரில் ‘ரிசப்ஷன்’ வகுப்பு, அங்கேயே எழுத்தின் ஒலிகளைக் கூட்டிப் படிக்கும் ஒலிவழி வாசிப்பு (போனிக்ஸ்). “சி-ஏ-டி, கேட்” என்று எழுத்தின் பெயரைச் சொல்லிப் படித்துப் பழகிய பிள்ளை இயர் 2-இல் சேர்ந்தால் புதிய சொல்லை ஒலி கூட்டிப் படிக்கத் திணறும். இது அறிவுக் குறைவே இல்லை. பழக்கிய முறை வேறு. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒலிவழிச் சோதனை வைத்து, பின்தங்கியவர்களைச் சிறு குழுவாக வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

‘கேம்பிரிட்ஜ்’ என்ற பெயர் வேறு ஒன்றைக் குறிக்கும். கேம்பிரிட்ஜ் பிரைமரி 5 முதல் 11 வயது வரை ஆறு நிலைகளாகப் போவது. முடிவில் ‘செக்பாயிண்ட்’ தேர்வு உண்டு. ஆங்கிலத்தை முதல் மொழியாகப் படிப்பவர்களுக்கும் இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வைத்திருப்பது இதன் சிறப்பு. விளம்பரத்தில் “கேம்பிரிட்ஜ் அடிப்படையில்” என்று இருந்தால் பள்ளி கேம்பிரிட்ஜ் அமைப்பில் பதிவு பெற்றதா என்று சரிபார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டும் அப்படி எழுதலாம்.

<b>பி.ஒய்.பி.</b>

ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்னும் சர்வதேசக் கல்வி அமைப்பின் தொடக்கநிலைத் திட்டம் (பிரைமரி இயர்ஸ் புரோகிராம்) இது. 1997-இல் வந்தது, 3 முதல் 12 வயது வரை. ‘நாம் யார்’, ‘உலகம் எப்படி இயங்குகிறது’, ‘பூமியைப் பகிர்ந்துகொள்வது’ போன்ற ஆறு பெருந்தலைப்புகளின் கீழ் மொழி, அறிவியல், சமூகவியல் எல்லாவற்றையும் சேர்த்து, கேள்வி கேட்டுத் தேடிப் படிக்கும் முறை. கடைசி வருடத்தில் பிள்ளைகளே ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து ‘எக்சிபிஷன்’ வைப்பார்கள். வெளித் தேர்வு எதுவும் இல்லை. நன்றாக நடக்கும் பி.ஒய்.பி. வகுப்பில் பத்து வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விகள் வேறு எந்த முறையிலும் எளிதில் வராதவை.

ஆனால் பி.ஒய்.பி. ஒரு சட்டகம்தான். எந்த மாதம் பின்னம் சொல்லித்தர வேண்டும், எந்தக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும் என்று ஐ.பி. கட்டளையிடுவதில்லை. ஒரு பள்ளி சிங்கப்பூர் முறைக் கணக்கை வைக்கும், இன்னொன்று இங்கிலாந்துப் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கும், மூன்றாவது பள்ளியில் ஆசிரியரே தாள் தயாரிப்பார். அதனால் பி.ஒய்.பி.யிலிருந்து பி.ஒய்.பி.க்கே மாறினாலும் கணக்கில் ஓட்டை விழலாம். மதிப்பெண் இல்லாமல் விவரிப்பாகவே வரும் அறிக்கையில் இந்த ஓட்டை வெளியே தெரியாது. வேறு முறைக்கு மாறும்போது நுழைவுத் தேர்வில்தான் தெரியவரும்.

ஆகவே கணக்குக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் என்ன பாடத்தொடர் வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பெயர் சொல்லிப் பதில் வந்தால் நல்லது. “எல்லாம் தலைப்போடு சேர்ந்தே வரும்” என்றால் யோசிக்க வேண்டும். அடுத்தது, ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை வருடம் தங்குகிறார்கள் என்பது. பாடத்தைப் பள்ளிக்குள்ளேயே உட்கார்ந்து திட்டமிடும் முறையில் ஆசிரியர் மாற்றம் மற்ற முறைகளைவிட அதிகமாகப் பாதிக்கும். இன்னொன்று: ‘கேண்டிடேட்’ பள்ளி என்றால் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். ஐ.பி. இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும்.

<b>அமெரிக்கன்</b>

அமெரிக்காவுக்குத் தேசியப் பாடத்திட்டம் கிடையாது. ‘காமன் கோர்’, ‘ஏரோ’ போன்ற தரவரைவுகளில் ஒன்றை வெளிநாட்டு அமெரிக்கன் பள்ளிகள் பின்பற்றும். அங்கீகாரத்துக்கு ‘நியாஸ்க்’, ‘வாஸ்க்’, ‘காக்னியா’ ஆகிய அமெரிக்க அங்கீகார அமைப்புகளின் பெயர்களைப் பாருங்கள். ஐந்து வயதில் கிண்டர்கார்டன், ஆறில் கிரேடு 1. பல பள்ளிகளில் ‘மேப்’ என்னும் கணினித் தேர்வு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கும். அந்த மதிப்பெண் வகுப்பைச் சாராத ஒரே அளவுகோலில் வருவதால், பள்ளி மாறினாலும் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்கலாம். அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள்.

<b>சி.பி.எஸ்.இ.</b>

இரண்டு மூன்று வருடத்தில் இந்தியா திரும்புவது உறுதி என்றால் இதை மிஞ்ச வேறில்லை. என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், ஏப்ரல் தொடக்கம், அதே மதிப்பீட்டு முறை. கட்டணமும் பொதுவாக மற்றவற்றைவிடக் குறைவு. இங்கே பார்க்க வேண்டியது வகுப்பின் அளவு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், பேசத் தயங்கும் பிள்ளை வருடம் முழுக்க வாய் திறக்காமலே இருந்துவிடலாம். திரும்பும் திட்டம் உறுதியில்லை என்றால் நாட்காட்டியும் தொந்தரவு தரும்: மார்ச்சில் வகுப்பை முடித்த பிள்ளை செப்டம்பரில் தொடங்கும் பள்ளிக்கு மாறினால் ஐந்து மாத இடைவெளி, அல்லது நடப்பு வருடத்தின் கடைசிப் பருவத்தில் போய் நுழைய வேண்டும்.

<b>மொழி</b>

எந்த முறையானாலும், பயிற்றுமொழி வீட்டில் பேசாத மொழியாக இருந்தால் அதற்கான உதவிதான் பிள்ளையின் முதல் இரண்டு வருடங்களைத் தீர்மானிக்கும். மொழியியல் அறிஞர் ஜிம் கம்மின்ஸ் காட்டிய வேறுபாடு இங்கே உதவும்: விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடம் படித்து எழுதும் மொழி வயதுக்காரர்களுக்கு இணையாக வர ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். சரளமாகப் பேசுகிறது என்று ஆறாவது மாதத்திலேயே உதவி வகுப்பை நிறுத்தும் பள்ளிகள் உண்டு. அப்போதுதான் அறிவியல் பாடத்திலும், வார்த்தைகளில் வரும் கணக்கிலும் பிள்ளை விழத் தொடங்கும். உதவியை நிறுத்துவது எந்த மதிப்பீட்டின் பேரில், அதற்குத் தனிக் கட்டணமா, பிள்ளையை வெளியே அழைத்துப்போய்ச் சொல்லித்தருகிறார்களா அல்லது ஆசிரியர் வகுப்புக்குள் வந்து உதவுகிறாரா என்று கேளுங்கள். வெளியே அழைத்துப்போனால் எந்தப் பாடம் தவறுகிறது என்பதையும் கேளுங்கள். ஓவிய வகுப்பையும் உடற்பயிற்சியையும் பறிகொடுக்கும் பிள்ளைக்கு நண்பர்கள் கிடைப்பது தாமதமாகும்.

தாய்மொழியை வீட்டில் விட்டுவிடும்படி எந்தப் பள்ளியாவது சொன்னால் கேட்க வேண்டாம். தாய்மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் திறமை புதிய மொழிக்கும் கைகொடுக்கும். தாய்மொழி ஆதரவைத் தன் கொள்கையிலேயே எழுதி வைத்திருப்பது பி.ஒய்.பி.; செயலில் அது எப்படி என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

<b>கட்டணம்</b>

கல்விக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். திரும்பக் கிடைக்காத விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், கட்டட நிதி, பேருந்து, சீருடை, முகாம், மொழி உதவி எல்லாவற்றையும் முதல் வருடத்துக்குத் தனியாகவும் இரண்டாம் வருடத்துக்குத் தனியாகவும் கூட்டிப் பாருங்கள். நிறுவனம் கட்டும் தொகையில் இவற்றில் எவை அடங்கும் என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நல்லது. விலகுவதற்கு ஒரு பருவம் முன்பே அறிவிக்க வேண்டும் என்ற விதி பல பள்ளிகளில் உண்டு. திடீர் மாற்றல் வந்தால் அந்தப் பருவக் கட்டணம் போய்விடும். கிளம்பும்போது மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு வருட அறிக்கைகள், வாசிப்பு நிலைக் குறிப்பு, கணக்கில் முடித்த பகுதிகளின் பட்டியல் ஆகியவற்றை அலுவலகம் விடுமுறைக்கு மூடும் முன்பே வாங்கிவிடுங்கள்.