பண்டிகைத் தொப்பி: குரோஷாவா, நிட்டிங்கா, ஃப்ளீஸா, ஃபெல்ட்டா?

பண்டிகைக்குத் தொப்பி செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கைவந்த ஒரே வேலையிலேயே எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறார்கள். குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) தெரிந்தவர் ஹாலோவீன் சூனியக்காரித் தொப்பியையும் குரோஷாவிலேயே போடுகிறார். அகலமான அதன் விளிம்பு தன் எடையிலேயே தொங்கிவிடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது உருவம்தான். உருண்டையாக வர வேண்டுமா, சரிந்து தொங்க வேண்டுமா, விறைப்பாக நிற்க வேண்டுமா, மேலே படம் வர வேண்டுமா? அது முடிவானால் முறையும் முடிவாகிவிடும்.

அளவெடுப்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். டேப்பைக் காதுக்குச் சற்று மேலே, நெற்றி வழியாகச் சுற்ற வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 60 செ.மீ. வரும். அதற்குப் பிறகுதான் கணக்கு மாறுகிறது. குரோஷாவும் நிட்டிங்கும் (இரண்டு ஊசிகளால் பின்னுவது) இழுபடும் என்பதால் தலையைவிட 3 முதல் 5 செ.மீ. குறைவாகப் போட வேண்டும். ஃப்ளீஸை (மெத்தென்ற, சற்று இழுபடும் செயற்கைத் துணி) தலையின் அளவுக்கே தைக்கலாம். ஃபெல்ட் (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணி) கொஞ்சம்கூட இழுபடாது. அதற்கு 1 முதல் 1.5 செ.மீ. கூடுதலாக விட வேண்டும்.

உருண்டையான உருவங்களுக்குக் குரோஷாவை மிஞ்ச ஒன்றும் இல்லை. பூசணி, முயல், பனிமனிதன் எல்லாம் இதில்தான் அழகு. 55 செ.மீ. தலைக்கு நடுத்தர உல்லன் நூலும் 5 மி.மீ. ஊசியும் எடுத்தால், மேஜிக் ரிங்கில் (இழுத்து மூடக்கூடிய நூல் வளையம்) 12 டபுள் குரோஷே (உயரமான கண்ணி, அமெரிக்கப் பெயர்முறை) போட்டு, சுற்றுக்கு 12 வீதம் கூட்டி 72 வரை போக வேண்டும். 10 செ.மீ.க்கு 14 ஸ்டிட்ச் (கண்ணி) வந்தால் சுற்றளவு 51 செ.மீ. ஆகும். தட்டையான வட்டம் 16 செ.மீ. விட்டத்தைத் தொட்டதும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு சுற்று கூட்டினாலே தொப்பி கண்ணை மறைக்கும். வட்டம் கிண்ணமாகக் குழிந்தால் ஸ்டிட்ச் போதவில்லை, விளிம்பு அலை அலையாக வந்தால் அதிகமாகிவிட்டது.

பூசணியின் வரிகளுக்கு ஃப்ரண்ட் போஸ்ட் ஸ்டிட்ச் (முந்தைய சுற்றுக் கண்ணியின் தண்டை முன்பக்கமாகச் சுற்றிப் போடுவது) போடுவார்கள். அது துணியை உள்ளே இழுக்கும். ஊசியை 5.5 மி.மீ.க்கு மாற்றாவிட்டால் தொப்பி ஒரு அளவு சிறியதாகிவிடும். காம்பருகே சுருண்டு நிற்கும் கொடிக்கு 20 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி ஒவ்வொன்றிலும் மூன்று சிங்கிள் குரோஷே (குட்டைக் கண்ணி) போட்டால் போதும், தானே சுருண்டுகொள்ளும். முயல் காது நிமிர்ந்து நிற்க 4 மி.மீ. ஊசியில் இறுக்கமாக இரண்டு துண்டு போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தைக்க வேண்டும்.

குரோஷாவுக்கு வராதது நேர்க்கோட்டுப் படம். ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் போடும்போது ஸ்டிட்ச் மெல்லச் சாய்ந்துகொண்டே போவதால் கிறிஸ்துமஸ் மரம் காற்றில் வளைந்த மாதிரி வரும். படத்தைத் தனியாகச் செய்து மேலே தைப்பதே நல்லது.

பனிச்செதில், மான், மரம் என வரிசையாகப் படம் ஓட வேண்டுமென்றால் நிட்டிங்தான். 10 செ.மீ.க்கு 18 ஸ்டிட்ச் என்றால் 54 செ.மீ. தலைக்கு 88 ஸ்டிட்ச் போதும். ரிப்பை (அடியில் வரும் இழுபடும் பட்டை) 4 மி.மீ. ஊசியிலும் உடலை 5 மி.மீ. ஊசியிலும் போடலாம். 88 எட்டால் வகுபடுவதால் உச்சியைக் குறைப்பதும் எளிது. இதில் கெடுவது பெரும்பாலும் பின்பக்கத்தில்தான். இரண்டாம் நிற நூல் ஐந்து ஸ்டிட்சுக்கு மேல் சும்மா தாண்டினால் நடுவில் ஒருமுறை பிடித்துவிட வேண்டும். அதை இறுக்கி இழுத்தால் முன்பக்கம் சுருங்கி, இழுபடும் தன்மையே போய்விடும். குரோஷாவைவிட நூல் குறைவாகப் பிடிக்கும், நேரம் கூடுதலாகும். ஒரு தொப்பிக்குச் சரி, பத்துத் தொப்பிக்கு வேண்டாம்.

பத்து வேண்டுமானால் ஃப்ளீஸ். சான்டா தொப்பிக்கும் எல்ஃப் (சான்டாவின் குட்டி உதவியாளர்) தொப்பிக்கும் இதுதான் எங்கள் முதல் தேர்வு. வெட்டிய ஓரம் பிரியாது, நுனியும் இயல்பாகச் சரியும். குரோஷாவில் போட்ட சான்டா தொப்பி கனத்து, நாளாக நாளாக நீண்டுகொண்டே போகும். 58 செ.மீ. சுற்றளவுக்கு, அடி 29 செ.மீ., உயரம் 40 செ.மீ. உள்ள இரண்டு முக்கோணங்கள் வேண்டும். தையலுக்கு ஓரங்களில் 1 செ.மீ. தனியாக விட வேண்டும். அடியை நேராக வெட்டினால் இரண்டு பக்கத் தையலிலும் முனை கூராகக் கீழே நீட்டும். அடிக்கோட்டின் நடுவை 2.5 செ.மீ. கீழே இறக்கி வளைவாக வெட்டினால் விளிம்பு சமமாக வரும். துணி எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் தலையைச் சுற்றி வர வேண்டும். பால்பாயின்ட் ஊசி (நுனி உருண்டையான தையல் ஊசி), 3 மி.மீ. தையல் நீளம், மிகச் சிறிய ஜிக்ஜாக் இருந்தால் நூல் அறாது. இஸ்திரி கூடாது, ஃப்ளீஸ் உருகி மினுங்கும்.

சான்டா தொப்பி விளிம்புக்கான வெள்ளை ரோமத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் ரோமமும் சேர்ந்து அறுபடும். பின்பக்கத் துணியை மட்டும் பிளேடால் கீற வேண்டும்.

விறைப்பாக நிற்கும் தொப்பிக்கு ஃபெல்ட். சூனியக்காரித் தொப்பிக்கு 35 செ.மீ. ஆரத்தில் 95 டிகிரி விசிறித் துண்டு வெட்டினால் அடியில் 58 செ.மீ. கிடைக்கும். ஒட்டுவதற்கு 1 செ.மீ. கூடுதல். விளிம்பு வளையத்தின் உள் ஆரம் 9.2 செ.மீ., வெளி ஆரம் 19 செ.மீ. தையலுக்காக உள்வட்டத்தை 1 செ.மீ. சிறிதாக வெட்டி, சுற்றிலும் சிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும். ஒற்றை ஃபெல்ட் விளிம்பு நிற்காது. இரண்டு துண்டுக்கு நடுவே கனமான ஒட்டுக் கேன்வாஸ் (சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி) வேண்டும். அக்ரிலிக் ஃபெல்ட் சூட்டில் சுருங்கும் என்பதால் மேலே துணி போட்டு, குறைந்த சூட்டில் அழுத்த வேண்டும். துவைக்க முடியாது என்பதே இதன் பெரிய குறை.

அலங்காரத்தை இழுபடும் தொப்பியில் சூடான பசையால் ஒட்ட வேண்டாம். பசை இறுகிவிடும், துணி விரியும், ஒட்டியது பிய்ந்து வரும். பாம்பாமை (உச்சியில் வைக்கும் நூல் பந்து) உல்லன் நூலால் கட்டினால் இறுக்கும்போதே அறும். மெழுகு நூலால் கட்டி, தொப்பியின் உள்ளே ஒரு பொத்தானில் முடிச்சுப் போட்டால் துவைக்கும்போது கழற்றலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொப்பியில் மட்டும் பொத்தான், மணி, கம்பி, தாடைக் கயிறு எதுவும் கூடாது. பாம்பாமையும் அசையாமல் தைத்துவிட வேண்டும்.

சிவப்பையும் வெள்ளையையும் சேர்க்கும் முன் சிவப்பை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் வினிகரை நம்ப வேண்டாம், வேறு நூல் வாங்குங்கள்.