“பழகிவிடும்” என்று சொல்லி விற்கப்பட்ட பழைய சிபாப் இயந்திரம்: ஓர் எச்சரிக்கை

தூக்கத்தில் மூச்சுத்தடை இருப்பது உறுதியாகி, அதற்காக உறங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் இயந்திரத்தை முதன்முறையாக வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு திருச்சியில் ஒரு விற்பனையாளரிடம் 52,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய “புத்தம் புதிய” இயந்திரம், எனக்கு முன்பே வேறு யாருடைய தலைமாட்டிலோ மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் ஓடியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. அந்த மூன்று மாதமும் குறை என்னிடம்தான் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்ததுதான், போன பணத்தைவிட இன்றும் என்னை அதிகம் உறுத்துகிறது.

எனக்கு வயது 54. குறட்டை பல ஆண்டுகளாக உண்டு. கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிடுவதும், ஒருமுறை சிக்னலில் வண்டியை நிறுத்திய இடத்திலேயே தலை சாய்ந்ததும்தான் என்னை மருத்துவரிடம் அனுப்பின. இரவு முழுவதும் உடலில் கம்பிகளை ஒட்டிச் செய்த பரிசோதனையில், மணிக்கு 41 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று தெரிந்தது. இந்த எண் 5க்குக் கீழே இருந்தால் இயல்பு. 30ஐ எட்டிவிட்டால் கடுமையான நிலை. இன்னோர் இரவு இயந்திரத்தைப் பொருத்தி, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்து, எனக்கு 11 சென்டிமீட்டர் நீரழுத்தம் தேவை என்று மருத்துவர் சீட்டில் எழுதித் தந்தார். அந்தச் சீட்டோடு வெளியே வந்தபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஓர் இளைஞர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். அவரை மருத்துவமனை ஊழியர் என்றே நினைத்தேன். அவர் ஒரு தனியார் கடையின் விற்பனை முகவர் என்பதும், அந்த அட்டை கடையின் அட்டை என்பதும் பின்னர்தான் விளங்கின.

மறுநாள் மாலையே அவர் இயந்திரத்தை இருசக்கர வண்டியில் வீட்டுக்குக் கொண்டு வந்தார். அட்டைப் பெட்டி இல்லை. துணிப்பை மட்டும் இருந்தது. கேட்டதற்கு, “பெட்டி பெருசு சார், வண்டியில வைக்க முடியல, அடுத்த தடவை வரும்போது கொண்டாந்துடறேன்” என்றார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என் முகத்தில், இயந்திரத்தை ஓடவிடாமலேயே, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஒரு மாஸ்க்கை வைத்துப் பட்டைகளை இழுத்துக் கட்டி, “கரெக்டா இருக்கு சார்” என்றார். முகத்தை அளக்கவில்லை, மருத்துவர் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. ரசீது என்று அவர் தந்த தாளின் தலைப்பில் “எஸ்டிமேட்” என்றிருந்தது. அதில் வரிசை எண்ணும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. நான் அதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

முதல் இரவு என்னால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. மாஸ்க்கின் மேல் விளிம்பிலிருந்து காற்று பீறிட்டு வலது கண்ணில் அடித்துக்கொண்டேயிருந்தது. காலையில் கண் சிவந்து மணல் விழுந்தாற்போல உறுத்தியது. பக்கத்தில் படுத்திருந்த என் மனைவி, “குறட்டையே தேவலைங்க, இது பாம்பு சீறுற மாதிரி இருக்கு” என்றாள். பட்டையை இறுக்கினேன், கசிவு கூடியது. இன்னும் இறுக்கினேன், மூக்குத் தண்டில் தோல் உரிந்தது. முகவரைத் தொலைபேசியில் அழைத்தால், “ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் சார் இருக்கும், பழகிடும்” என்பார். படுத்தவுடன் காற்றுப் போதாமல் மூச்சு முட்டுகிறது என்றேன், பழகிடும் என்றார். நடு இரவில் காற்று வயிற்றில் இறங்கி, விடியும்போது வயிறு உப்பி ஏப்பமாக வருகிறது என்றேன். அதுவும் பழகிடும் என்றார். மீசையை எடுத்துவிட்டால் மாஸ்க் நன்றாகப் படியும் என்று ஒருமுறை சொன்னார். முப்பது வருட மீசையை எடுத்தேன். கசிவு நிற்கவில்லை.

வாசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாளிலிருந்தே குழாய் வழியாக வந்த காற்றில் மெல்லிய ஊதுபத்தி மணம் இருந்தது. என் மனைவிக்கு ஆஸ்துமா இருப்பதால் எங்கள் வீட்டில் ஊதுபத்தி ஏற்றியே பல ஆண்டுகள் ஆகின்றன. “புது பிளாஸ்டிக் வாசம் சார், பத்து நாள்ல போயிடும்” என்று முகவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். புதுப் பிளாஸ்டிக் எப்படி நாறும் என்பதை அறியாதவனல்ல நான், இருந்தும் ஏற்றுக்கொண்டேன்.

இந்தச் சிகிச்சையின் தத்துவம் மிக எளியது. 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு இதைச் செய்து பார்த்து, அடுத்த ஆண்டு வெளியிட்டார். உறங்கும்போது தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டையைக் காற்றின் அழுத்தம் உள்ளிருந்து தாங்கித் திறந்தே வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆகையால் மாஸ்க் பெரிதாகக் கசிந்தால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால் இரவெல்லாம் முகத்தில் மாட்டியிருந்தாலும் சிகிச்சை நடக்கவில்லை என்றே பொருள். இதை எனக்கு விற்றவர் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, பகல் தூக்கம் குறையவேயில்லை என்று வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்த உறக்க ஆய்வகத் தொழில்நுட்பர் சொன்னார்.

அந்த அம்மா இயந்திரத்தை வாங்கி, இரண்டு பொத்தான்களைச் சேர்த்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, நான் அதுவரை பார்த்திராத ஒரு பட்டியலைத் திறந்தார். மொத்தம் ஓடிய நேரம் 7,312 மணி என்று திரை காட்டியது. “எத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க சார்?” என்று இயல்பாகக் கேட்டார். மூன்று மாதம் என்றேன். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணக்கில் அதிகம் போனால் 300 மணி நேரம்தான் வரும். மீதி 7,000 மணி நேரத்தை, இரவுக்கு ஏழு மணி என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் இரவுகள். பின்புற மூடியைக் கழற்றியபோது, வடிகட்டி மட்டும் வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தது; அதற்குப் பின்னாலிருந்த அறையில் பழுப்பு நிறத் தூசி அப்பியிருந்தது. ஊதுபத்தி யாருடைய பூசையறையிலிருந்து வந்ததோ தெரியாது. வந்த வழி தெரிந்துவிட்டது.

மற்றவையும் அன்றே வெளிப்பட்டன. மருத்துவர் எழுதிய 11 எங்கும் இல்லை. ஆலையிலிருந்து வரும்போது இருக்கும் 4 முதல் 20 வரை என்ற தானியங்கி அமைப்பே அப்படியே விடப்பட்டிருந்தது. விழித்திருப்பவனுக்கு 4 என்பது போதாமல் மூச்சு முட்டும். உறங்கிய பிறகு இயந்திரம் அழுத்தத்தை மேலே ஏற்றும். ஏறிய அழுத்தம் பொருந்தாத மாஸ்க்கைத் தூக்கிக் கசிவைக் கூட்டும். மாஸ்க் என் முகத்துக்கு ஓர் அளவு பெரியது. வாயால் மூச்சு விடும் பழக்கமே இல்லாத எனக்கு, மூக்கை மட்டும் மூடும் சிறிய மாஸ்க்கே போதுமாயிருந்தது. சிலிக்கான் விளிம்பு காற்றில் லேசாக உப்பினால்தான் முகத்தில் ஒட்டும் என்பதால், நான் பட்டையை இறுக்க இறுக்க அதன் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த இரவுகளிலும் மணிக்கு 19 தடைகள் பதிவாகியிருந்தன.

உண்மையில் பழகக்கூடியவை சில உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். முகத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்ற கூச்சம், எதிர்க்காற்றில் மூச்சை வெளிவிடும் சிரமம், முதல் வாரங்களின் மூக்கடைப்பு ஆகியவை நாளடைவில் குறைகின்றன. பகலில் அரை மணி நேரம் தொலைக்காட்சி பார்த்தபடி மாஸ்க்கை அணிந்திருப்பதும், அழுத்தம் மெல்ல ஏறும்படி வைப்பதும், ஈரப்பதப் பெட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவதும் எனக்குப் பின்னர் மிகவும் உதவின. ஆனால் கண்ணில் அடிக்கும் காற்று பழகாது. குறையாத மூச்சுத்தடை எண்ணிக்கை பழகாது. புதியவருக்கு இந்த இரண்டு வகைச் சிரமத்துக்கும் வேறுபாடு தெரியாது என்பதை நம்பித்தான் அந்தக் கடை வியாபாரம் செய்கிறது.

எனவே வாங்குகிறவர்கள், முத்திரை உடையாத பெட்டியைத் தங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, பணம் கொடுக்கும் முன்பே ஓடிய நேரத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். மாஸ்க்கைப் படுத்த நிலையில், உங்களுக்கு எழுதப்பட்ட அழுத்தத்தில் இயந்திரம் ஓடும்போது, இரு பக்கமும் புரண்டு பார்த்து வாங்குங்கள். ரசீதில் வரிசை எண் இருக்கட்டும். பழையது என்று தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்குவோர் அந்த எண்ணை, குறையுள்ள இயந்திரங்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனங்கள் வெளியிடும் அறிவிப்புகளோடு ஒப்பிட வேண்டும். ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த நுரை சிதைந்து மூச்சுப் பாதையில் போகக்கூடும் என்று 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல மாதிரிகளுக்கு அறிவிப்பு வெளியிட்டது.

திரையைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி, “டெமோ பீஸ் மாறி வந்திருக்கும் சார்” என்றார். ஆயிரம் இரவுகளுக்கு யாரும் டெமோ காட்டுவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்து, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் என்று பதிவுத் தபாலில் எழுதினேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. “எஸ்டிமேட்” தாளால் என் பக்கம் பலவீனமாகவே இருந்தது. ஐந்து வாரம் கழித்து 38,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. மாஸ்க்கைப் பயன்படுத்திவிட்டேன் என்று மீதியைத் தர மறுத்துவிட்டார்கள்.

இப்போது வேறு இடத்தில் வாங்கிய இயந்திரத்தில் எனக்கு மணிக்கு 3 தடைகள்தான். பழைய இயந்திரத்தை அதே இளைஞர் அதே துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்றார். ஒப்படைத்த அன்று அதன் திரையில் இருந்தது 7,346. திருச்சிப் பக்கம் யாருக்காவது பெட்டியில்லாமல் ஒரு புது இயந்திரம் வந்து, காற்றில் ஊதுபத்தி வாசம் வீசினால், முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.