தோசை இரண்டு, பொட்டலம் எத்தனை?

இரண்டு தோசை, சாம்பார், இரண்டு சட்னி, ஒரு தே பெங் (பனிக்கட்டி போட்ட பால் தேநீர்). இந்தச் சாப்பாட்டை எப்படி வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துக் குப்பை எவ்வளவு மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

செயலி வழி வரவழைத்தால் தோசைக்கு ஒரு பெட்டி, சாம்பாருக்கும் சட்னிக்கும் மூன்று கிண்ணம், அவற்றுக்கு மூன்று மூடி. தேநீருக்குக் குவளை, மூடி, உறிஞ்சி. இவற்றோடு கரண்டி, டிஷ்யூ, தூக்குப் பை. மொத்தம் 13. கடைக்குப் போய்ப் பொட்டலம் கட்டச் சொன்னால் பழுப்புத் தாள் ஒன்று, சின்னப் பை மூன்று, கயிறு போட்ட தேநீர்ப் பை, உறிஞ்சி, தூக்குப் பை என்று 7. சொந்தத் தூக்கும் குவளையும் கொண்டுபோனால் ஒன்றுமில்லை. உணவங்காடியில் உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டாலும் அப்படித்தான்.

பர்கர் கடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டாலும் பர்கர் சுற்றிய தாள், உருளைக்கிழங்குப் பெட்டி, காகிதக் குவளை, மூடி, தட்டில் விரித்த தாள், சாஸ் பொட்டலங்கள் எல்லாம் வந்துவிடும். நம் கையில் இருப்பது மூடி, உறிஞ்சி, சாஸ், பை ஆகிய நான்கும்தான். கேஎஃப்சி 2018 ஜூனிலேயே சிங்கப்பூர்க் கிளைகளில் பிளாஸ்டிக் மூடியும் உறிஞ்சியும் கொடுப்பதை நிறுத்தியது. மற்ற கடைகளில் நாம்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இருவர் போனால் சின்ன உருளைக்கிழங்கு இரண்டுக்குப் பதில் பெரியது ஒன்றை வாங்குங்கள். ஒரு பெட்டி மிச்சம்.

பிளாஸ்டிக்கா, காகிதமா, ‘மக்கும்’ பெட்டியா என்ற கேள்விக்கு வேறு நாடுகளில் பொருள் இருக்கலாம். சிங்கப்பூரில் மறுபயனீட்டுக்குப் போகாத வீட்டுக் குப்பை எரிக்கப்படுகிறது. கன அளவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, சாம்பல் செமாக்காவ் தீவில் உள்ள குப்பை நிரப்பும் நிலத்துக்குப் போகிறது. 1999-இல் திறக்கப்பட்ட அந்த நிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது மதிப்பீடு. உலைக்குப் போகும் பெட்டி மக்குவதற்கு வாய்ப்பே இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதால் நன்மை என்று சொல்ல முடியாது, பயன்பாட்டைக் குறைப்பதே வழி என்றுதான் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2018-இல் வெளியிட்ட ஆய்வும் சொன்னது. ஆகவே எந்தப் பொருள் என்று பார்ப்பதைவிட, எத்தனை என்று எண்ணுவதே இங்கே சரியான அளவுகோல். கூடுதல் காசு வாங்கிக்கொண்டு ‘பசுமைப் பெட்டி’ தரும் கடையைவிட, ஒரு மூடியைக் குறைத்துத் தரும் கடை மேல்.

மறுபயனீட்டுப் பொருள்களைப் போடும் நீலத் தொட்டியை நம்பி வாங்குவதும் சரியில்லை. பழுப்புத் தாளின் உள்பக்கத்திலும் காகிதக் குவளையிலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. இரண்டையும் அதில் போடக் கூடாது. எண்ணெய் படிந்த காகிதமும் ஆகாது. நீலத் தொட்டிக்கு வருவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு அசுத்தம். மீந்த சாம்பார் ஒரு கிண்ணம் கவிழ்ந்தால் பக்கத்து வீட்டார் போட்ட நல்ல தாளும் வீண். பிளாஸ்டிக் கிண்ணத்தை, பயன்படுத்திய டிஷ்யூவால் முதலில் எண்ணெய் துடைத்து, பிறகு கொஞ்சம் தண்ணீரில் அலசிப் போடலாம்.

இனி, சொந்தப் பாத்திரம். எந்தப் பாத்திரம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

எவர்சில்வர் அடுக்குத் தூக்கில் மஞ்சள் கறை பிடிக்காது, வாடை தங்காது, சூட்டுக்கு அஞ்சாது. குறை இரண்டு: வெளிப்புறம் சுடும், கவ்வி தளர்ந்தால் ஒழுகும். சாம்பாரை எப்போதும் அடியடுக்கில், விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கும்படி வாங்குங்கள். மேலடுக்கில் வாங்கினால் பேருந்து குலுங்கும்போது தோசை நனையும். தோசையை நான்காக மடித்தால் அடுக்குக்குள் அடங்கும். பேப்பர் தோசை அடங்காது. அதைக் கடையிலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. சுடச்சுட மூடினால் ஆவி இறங்கித் தோசை தொளதொளத்துப் போகும். அடியில் சுத்தமான பருத்தித் துணி விரித்து, மூடியை ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் போதும்.

அடியில் 5 என்று முத்திரையிட்ட பாலிபுரொப்பிலீன் பெட்டி இலேசானது, இறுக்கமாக மூடும், பிரியாணிக்குப் பொருத்தம். குழம்புக்கு வேண்டாம், எத்தனை முறை தேய்த்தாலும் கறை போகாது. மடக்கும் சிலிகான் பெட்டி கைப்பைக்கு வசதிதான், ஆனால் சூடான குழம்போடு தூக்கும்போது சுவர் நெளிந்து கொட்டும். நாங்கள் முதலிடம் தருவது தூக்குக்கே.

அளவும் முக்கியம். கடையின் பெட்டியைவிட மிகப் பெரியதை நீட்டினால் எவ்வளவு போடுவது என்று கடைக்காரர் திணறுவார், சோறும் குறைவாகத் தெரியும். ஒரு ஆள் சாப்பாட்டுக்கு 750 மில்லி, சூப் மீக்கு (சூப்போடு வரும் நூடுல்ஸ்) ஒரு லிட்டர். பணம் கொடுப்பதற்கு முன்பே மூடியைத் திறந்து நீட்டி, “அண்ணே, இதிலேயே போட்டுடுங்க” என்று சொல்லிவிடுங்கள். பல கடைகளில் சட்னிப் பைகள் முன்கூட்டியே கட்டித் தொங்கும். பிந்திச் சொன்னால் அவர் பையை வெட்டி உங்கள் கிண்ணத்தில் ஊற்றுவார், பை குப்பைக்குத்தான் போகும். மதியம் பன்னிரண்டரை மணிக் கூட்டத்தைத் தவிர்த்தால் முகம் சுளிப்பு இருக்காது. பெட்டிக்கென்று கடை வாங்கும் 20, 30 காசும் மிச்சமாகும்.

தே பெங்குக்கு அரை லிட்டர், அகல வாய்க் குவளை. குறுகிய வாய்ப் புட்டியில் பனிக்கட்டி இறங்காது. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி அன்றன்றே கழுவுங்கள். பால் அங்கேதான் புளிக்கும். குவளை மறந்த நாளில் காகிதக் குவளையைவிட டின் பானம் மேல், ஏனென்றால் உலோக டின்னை மறுபயனீட்டுக்கு அனுப்பலாம். 2026 ஏப்ரல் 1 தொடக்க நாளாக அறிவிக்கப்பட்ட பானக் கலன் திரும்பப்பெறும் திட்டத்தில் 150 மில்லி முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் டின்களுக்கும் 10 காசு முன்பணம் உண்டு. கடையில் ஊற்றித் தரும் குவளைக்கு அது கிடையாது.

செயலியைத் தவிர்க்க முடியாத நாளில் கரண்டி வேண்டாம் என்ற தெரிவைச் சரிபாருங்கள். சட்னி வீட்டில் இருந்தால் அதையும் வேண்டாமென்று குறிப்பு எழுதலாம், ஆனால் கூட்ட நேரத்தில் சமையலறை அதைப் படிக்கும் என்று நம்ப வேண்டாம். வீட்டில் மூவர் தனித்தனியே மூன்று கடையில் சொல்வதைவிட ஒரே கடையில் சேர்த்துச் சொன்னால் சாம்பார் ஒரு பெரிய கிண்ணத்தில் வரும், தூக்குப் பையும் ஒன்றாகும்.

அங்காடியில் உட்காருமுன் பக்கத்து மேசைகளை ஒரு முறை பாருங்கள். சில கடைகள் அங்கேயே சாப்பிடுவோருக்கும் ஒருமுறைத் தட்டில்தான் தருகின்றன. அப்படியென்றால் கழுவும் தட்டு வைத்திருக்கும் அடுத்த கடைக்கு நகருங்கள், அல்லது பையிலிருக்கும் தூக்கை எடுங்கள்.