ஸ்கோப் அரை மணி, பாட்டில் ஒன்று

இங்கிலாந்தில் வயிற்று எண்டோஸ்கோப்பி என்றால் ஜிபி (குடும்ப டாக்டர்) கடிதம் போட்டபின் வாரக்கணக்கில் தபாலைப் பார்த்துக் கிடக்க வேண்டும். திருச்சியில் காலையில் வெறும் வயிற்றோடு போனால், பத்தரை மணிக்குக் கலர் படத்தோடு ரிப்போர்ட் கையில். அந்த வேகத்துக்கு ஒரு கும்பிடு. ஆனால் இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்து சோதனை செய்துகொள்ளும் இந்தப் பயணத்தில் முள்ளாய்க் குத்துவது, கிள்ளியெடுத்த திசுத் துண்டைப் போட்டு லேபுக்கு அனுப்பும் அந்தக் குட்டி பயாப்சி பாட்டில்தான்.

உறவுக்காரப் பெண்ணுக்கு ஆறு மாதமாக வயிற்றுவலி, சாப்பிட்டதும் வாந்தி, ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு 1,800 (500 வரைதான் சரி). இரைப்பையிலிருந்து இரண்டே துண்டு எடுத்தார்கள். ஒன்று ஹெச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமியைப் பார்க்கிற யூரியா ஜெல்லுக்குள் போனது. அது நிறம் மாறுகிறதா என்று பார்த்துக் குப்பையில் போடுகிற துண்டு, மைக்ராஸ்கோப்புக்குப் போகாது. மிச்சம் ஒரு துண்டு பாட்டிலில். சிறுகுடலில் எதுவும் எடுக்கவில்லை. காரணம் கேட்டால், “பார்க்க நல்லாத்தாம்மா இருக்கு.”

அதுதானே சிக்கல். ஈசினோபில் இரைப்பை, குடல் சுவரில் குவிந்து அழற்சி தரும் ஈசினோபிலிக் கேஸ்ட்ரோஎன்டரைடிஸில் உட்சுவர் பார்க்கப் பளபளவென்று இருக்கலாம். நோயும் ஒரே சீராகப் பரவாது. திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு துண்டில் தவறுவது அடுத்த அங்குலத்தில் கிடைக்கும். அதனால் இரைப்பையின் மேற்பகுதியில் நான்கு, கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் நான்கு, சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தில் நான்கு, விழுங்கச் சிரமம் இருந்தால் உணவுக்குழாயில் ஆறு என்று எடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பாட்டில், மேலே இடத்தின் பெயர். உள்ளே திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின், துண்டைப் போலப் பத்து மடங்காவது. சலைனில் (உப்புநீரில்) போட்டு வைத்தால் லேபுக்குப் போவதற்குள் திசு கெடத் தொடங்கிவிடும்.

தொண்டையில் ஸ்பிரே மட்டும் அடித்துக் குழாயை விட்டால் ஆள் ஓங்கரிக்கிற ஓங்கரிப்பில் டாக்டருக்கும் அவசரம் வந்துவிடும். பன்னிரண்டு துண்டு வேண்டுமென்றால் மயக்க ஊசி கேட்டு வாங்குவது நல்லது. கூட ஆகும் செலவு, இங்கிலாந்து திரும்பி இன்னொரு ஸ்கோப்புக்குக் காத்திருப்பதைவிடக் குறைச்சல்தான்.

லேபுக்குப் போகும் சீட்டில் ‘வயிற்றுவலி’ என்று மட்டும் எழுதினால் ‘நாள்பட்ட இரைப்பை அழற்சி’ என்று ஒற்றை வரி வரும். ‘ஈசினோபில் எண்ணிச் சொல்லவும்’ என்று எழுதச் சொல்லுங்கள். உணவுக்குழாயில் ஈசினோபிலே இருக்கக்கூடாது. மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்கு 15 என்றாலே சந்தேகம். இரைப்பையிலும் குடலிலும் சாதாரணமாகவே கொஞ்சம் இருக்கும் என்பதால் ‘ஈசினோபில் தென்படுகிறது’ என்பதற்கு அர்த்தமில்லை. அங்கே ஒரு வட்டத்துக்கு 30, அதுவும் இரைப்பையில் ஐந்து வட்டங்களில், டியோடினத்தில் மூன்றில் என்பது மருந்து ஆய்வுகளில் வைத்த அளவு. வட்டத்தின் பரப்பு மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் மாறும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை என்று வாங்கிவிட்டால் அங்கேயும் இங்கேயும் ஒரே கணக்கு.

ஈசினோபில் நம் ஊருக்குப் புதிதா என்ன? ‘ஈஸ்னோபீலியா’ என்று சொல்லி இருபத்தொரு நாள் ஹெட்ரசான் மாத்திரை விழுங்காத வீடு தெருவில் உண்டா? யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் இழுப்புக்கு அது சரியான மருந்து. வயிற்றுக்கு அந்தப் பழைய கதை செல்லாது. அதேபோல, ரத்தத்தில் எண்ணிக்கை இயல்பாக இருப்பதாலேயே இந்த நோய் இல்லையென்றும் சொல்ல முடியாது. ஐந்தில் ஒருவருக்காவது ரத்தத்தில் ஏறுவதே இல்லை.

ஈசினோபில் ஏறினால் லண்டன் டாக்டர் எளிதில் மறப்பதும் ஊர் டாக்டர் உடனே நினைப்பதும் புழு. அதில் ஊருக்கே என் ஓட்டு. ஆனால் ஒரு ஆல்பென்டசோல் 400 மில்லிகிராம் புழு மாத்திரை போட்டு முடித்துக்கொள்வது போதாது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல்புழு அதற்கு மசியாமல் பல வருடம் உடம்பிலேயே பெருகும். வெவ்வேறு நாளில் மூன்று மலப் பரிசோதனை, கூடவே அதற்கான ரத்தப் பரிசோதனை. இதை முடிக்காமல் இந்த நோய்க்குத் தரும் ஸ்டீராய்டைத் தொடங்கினால், உள்ளே இருக்கும் புழு உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். மெடிக்கலில் ‘இழுப்புக்கு’ என்று உதிரியாக வாங்கிய பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு இன்னொரு கெடுதலும் செய்யும்: ஈசினோபிலைத் துடைத்துவிடும், பயாப்சி பொய் சொல்லும்.

கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் குடல் நோயைப் பார்க்க வருகிறவர்களுக்கு வேறு தொல்லை. அங்கே தினம் பிரெட் தின்றவர், இங்கே வந்து ஒரு மாதம் இட்லியும் இடியாப்பமுமாக இருந்துவிட்டு அந்த நோய்க்கான டிடிஜி ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டினால் விடை மங்கிவிடலாம். சோதனைக்கு முன் ஆறு வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை வேண்டும் என்பது இங்கிலாந்து விதி. பரோட்டா, ரவா உப்புமா எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். (டாக்டரே பரோட்டா சாப்பிடச் சொல்லும் நோய் வேறு எது!)

மறுபடி ஈசினோபில் நோய்க்கு வருவோம். அது குடல் சுவரின் தசை அடுக்கில் மட்டும் இருந்தால் பன்னிரண்டு துண்டிலும் ஒன்றும் தெரியாது. குடல் அடைப்பு போல வரும், சி.டி.யில் சுவர் தடித்துத் தெரியும். வெளியடுக்கில் இருந்தால் வயிற்றில் நீர் கோக்கும். நம் பக்கத்தில் வயிற்று நீர் என்றாலே டி.பி. என்று ஆறு மாத மாத்திரைக்கு ஓடுவார்கள். அந்த நீரில் டி.பி.க்கான ஏடிஏ சோதனை பார்க்கட்டும், தப்பில்லை. அதே நீரில் வெள்ளணுக்களைப் பிரித்து எண்ணச் சொல்ல வேண்டும். ஈசினோபில் குவிந்திருந்தால் கதையே மாறும். உள்ளே சளி அடுக்கு, தசை அடுக்கு, வெளியடுக்கு என்ற இந்தப் பிரிவு 1970இலிருந்தே இருக்கிறது.

இங்கிலாந்தில் எளிதில் நடக்காத ஒன்று இங்கே உண்டு. லேபில் ஒரு கடிதம் கொடுத்தால் கண்ணாடி ஸ்லைடையும் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் கையிலேயே தருகிறார்கள். இரண்டையும் வாங்குங்கள், ஸ்லைடு உடைந்தாலும் பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவிக்கொள்ளலாம். பிளாக் எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றா என்று கவுன்ட்டரிலேயே சரிபாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகும். ஊறுகாய் பாட்டிலோடு பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக் கொண்டுபோங்கள்.