தரையில் பள்ளம்: சாக்பீஸா, பெயின்ட்டா?

தட்டையான தரையில் நிஜமாகவே பள்ளமோ நிற்கும் உருவமோ இருப்பதுபோலக் காட்டும் ஓவியங்கள் உண்டு. இங்கிலாந்தின் ஜூலியன் பீவர் அவற்றை நடைபாதையில் சாக்பீஸால் வரைபவர். ஜெர்மனியின் எட்கர் முல்லர் பெரிய தரைகளைப் பெயின்ட்டால் நிரப்புபவர். கண்ணை ஏமாற்றும் வித்தை இருவருக்கும் ஒன்றுதான்: கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, அங்கிருந்து பார்த்தால் சரியாகத் தெரியும்படி உருவத்தைத் தரையில் இழுத்து நீட்டி வரைவது. மனித உருவம் என்றால், கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள அதன் பாதம் சாதாரண அளவில் இருக்கும். தலைப்பக்கம் போகப் போக உருவம் பல அடி நீளும். எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள், ஏதோ உருகி வழிந்த மாதிரி இருக்கும்.

சாக்பீஸில் திருத்துவது சுலபம். விரலால் தேய்த்தே நிழலைக் குழைக்கலாம். பள்ளத்தின் ஆழமே அந்த நிழலில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மழை போதும், அத்தனை உழைப்பும் சாக்கடைக்குப் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது புகைப்படம் மட்டுமே. பெயின்ட் தூறலையும் கால்தடத்தையும் தாங்கும். 2008இல் அயர்லாந்தின் டன் லீரியில் முல்லர் வரைந்த பனிப்பிளவு போன்ற பிரம்மாண்டத்துக்கு அதுதான் சரி. என்ன, ஆளும் நாளும் அனுமதியும் கூடுதலாக வேண்டும்.

எனக்குச் சாக்பீஸ்தான் பிடிக்கும். ஓவியர் மண்டியிட்டுத் தேய்ப்பதைப் பக்கத்தில் நின்றே வேடிக்கை பார்க்கலாமே!