பழைய டேபிள் சா வாங்கி சரி பண்ண எது நல்லது: கிராஃப்ட்ஸ்மேன் 113-ஆ, டெல்டா யூனிசாவா?

அமெரிக்காவுல செகண்ட் ஹேண்ட்ல டேபிள் சா, அதாவது டேபிள் நடுவுல வட்ட பிளேடு நீட்டிக்கிட்டு இருக்குற மரம் அறுக்குற மெஷின், தேடுறவங்க கண்ணுல திரும்பத் திரும்ப இந்த ரெண்டும்தான் படும். ஒண்ணு சியர்ஸ் கடைகளுக்காக எமர்சன் கம்பெனி செஞ்சு குடுத்த கிராஃப்ட்ஸ்மேன், மாடல் நம்பர் 113ல ஆரம்பிக்கும், மோட்டார் பின்பக்கம் வெளியில தொங்கும், இந்த வகைக்கு கான்ட்ராக்டர் சான்னு பேரு. இன்னொண்ணு டெல்டா யூனிசா, 1939ல வந்த டிசைன், மோட்டார் அடியில பெட்டிக்குள்ள இருக்கும், அதான் கேபினெட் சா. ரெண்டுலயும் பெரும்பாலும் 10 இன்ச் பிளேடுதான், நடு டேபிளும் ஏறக்குறைய ஒரே சைஸ் காஸ்ட் அயர்ன்தான். அப்புறம் ஏன் விலையில அவ்வளவு வித்தியாசம்னா அதுக்கு மோட்டார் பவர் மட்டும் காரணம் இல்ல.

பிளேடையும் அது சுத்துற தண்டான ஆர்பரையும் தாங்குற ட்ரன்னியன்ங்கிற வார்ப்புத் துண்டு எதுல போல்ட் பண்ணியிருக்குன்னு குனிஞ்சு பாருங்க. 113ல அது டேபிளோட அடிப்பக்கத்துலயே தொங்குது, யூனிசாவுல அது பெட்டியில உக்காந்திருக்கு, டேபிள் தனியா பெட்டி மேல நாலு மூலையில போல்ட்ல நிக்குது. பழைய மெஷினை சரி பண்ணுறதுல பாதி கஷ்டத்தை தீர்மானிக்கிறதே இந்த ஒரு விஷயம்தான்.

எப்படின்னா, பிளேடு மைட்டர் ஸ்லாட்டுக்கு, அதாவது டேபிள் மேல நீளமா ஓடுற பள்ளத்துக்கு, இணையா இருக்கணும், இன்ச்சை ஆயிரம் பங்காக்கினா அதுல 3, 4 பங்குக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிட்டு, பிளேடுல ஒரே ஒரு பல்லுல மார்க் போட்டு, அதை முன்னாடி வச்சு ஸ்லாட்ல இருந்து எவ்வளவு தூரம்னு பாத்துட்டு, அதே பல்லைப் பின்னாடி சுத்திக் கொண்டுபோய் திரும்பவும் பாக்கணும், வேற பல்லுல அளந்தா பிளேடோட நெளிவும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துடும். டயல் இண்டிகேட்டர் இருந்தா சுகம், இல்லேன்னா காம்பினேஷன் ஸ்கொயரே போதும், ஸ்கேல் நுனி பல்லுல உரசுற சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடலாம். பிளேடோட பின்பக்கம் ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டி நகர்த்துற நேர்ச் சட்டம், பக்கமா சாஞ்சிருந்தா மரம் நடுவுல நெருக்குப்படும், கருகும், கிக்பேக் ஆகி கட்டை நம்ம மேலயே பறந்து வரும். அதனால இதை சரி பண்ணாம ஒரு கட்டையைக்கூட அறுக்காதீங்க.

யூனிசாவுல இதுக்கு மூணு போல்ட்டை லூஸ் பண்ணி, ஒண்ணை மட்டும் லேசா பிடிச்ச மாதிரி விட்டுட்டு, டேபிளை மரச் சுத்தியலால மெல்லத் தட்டினா போதும். 113ல பின்பக்க ட்ரன்னியன் போல்ட்டை லூஸ் பண்ண மோட்டார் மவுண்ட்டுக்கு அடியில கையை விட்டுத் துழாவணும், தட்டி சரியா கொண்டுவந்தாலும் இறுக்கும்போது மறுபடி நகந்துடும், திரும்ப லூஸ் பண்ணி திரும்ப தட்டணும். பால்ஸ்னு ஒரு சின்ன கிட் விக்கிறாங்க, ஸ்க்ரூவைத் திருப்பி ட்ரன்னியனை மயிரிழையா நகர்த்தலாம், 113 வாங்கினா அதையும் சேர்த்து வாங்குங்க. பிளேடை 45 டிகிரிக்கு சாய்ச்சப்புறம் அலைன்மென்ட் மாறுதான்னும் பாருங்க. மாறினா யூனிசாவுல டேபிளுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஷிம்னு மெல்லிய தகடு வைக்கலாம், 113ல ட்ரன்னியனுக்கும் டேபிளுக்கும் நடுவுல வைக்கணும், பண்ண முடியாத வேலை இல்ல, ஆனா பொறுமையை ரொம்பக் கேக்கும்.

துருவைப் பொறுத்தவரை ரெண்டுக்கும் ஒரே கதைதான். மேல்பரப்புல இருக்குற பழுப்புத் துருவைப் பாத்து நல்ல மெஷினை விட்டுடாதீங்க, ரேசர் பிளேடால சுரண்டி, மண்ணெண்ணெய் ஊத்தி ஸ்காட்ச் பிரைட்டால தேய்ச்சா போயிடும், அப்புறம் பேஸ்ட் வேக்ஸ். சிலிக்கான் கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம், அது மரத்துல ஒட்டி பின்னாடி வார்னிஷ் பிடிக்காது. வினிகரும் துருவை எடுக்கும், ஆனா கருப்பா கறை விட்டுடும், கழுவி சோடா உப்பு போட்டு துடைக்கணும், பெரிய டேபிளுக்கு எனக்கு அது பிடிக்கல.

மட்டம் பாக்குறதுன்னதும் ரசமட்டத்தை எடுக்குறாங்க, அது தரைக்கு மட்டமா இருக்கான்னு மட்டும்தான் சொல்லும். நமக்கு வேண்டியது டேபிள் தட்டையா இருக்கான்னு. நல்ல ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாக்குல, குறுக்கால, ரெண்டு மூலைக்கு மூலையும் வச்சு அடியில இடைவெளி அளக்குற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. ஓரத்துல கொஞ்சம் குழி இருந்தா மரவேலைக்கு ஒண்ணும் ஆகாது, பிளேடைச் சுத்தி இருக்குற இடம்தான் முக்கியம். அங்கயே முறுக்கு இருந்தா மெஷின் ஷாப்ல கிரைண்ட் பண்ணலாம், யூனிசாவுக்கு அது நியாயமான செலவு, 113க்கு அந்தக் காசுல இன்னொரு 113ஏ வந்துடும். டேபிளோட ரெண்டு பக்கமும் நீட்டி மாட்டுற விங் தொங்கினா சேர்ற இடத்துல கீழ்ப்பக்கம் ஒரு துண்டு டேப்போ கூல்டிரிங்க் கேன் தகடோ வச்சு இறுக்குங்க, வெளி ஓரம் தூக்கும், ஏறி நின்னா மேல்பக்கம் வைங்க. 113ல தகரத்துல அடிச்ச விங் வந்திருந்தா அது முழுசா நேராகும்னு எதிர்பார்க்க வேண்டாம்.

இதுவரை யூனிசா பக்கமே பேசிட்டேன், ஆனா அதுல பெரிய சிக்கல் கரண்ட்டுதான். தொழிற்சாலை, ஸ்கூல் ஷாப்ல இருந்து வர்ற மெஷின் நிறைய த்ரீ ஃபேஸ், அமெரிக்க வீட்டுல அது வராது. 220 வோல்ட் சிங்கிள் ஃபேஸ்ல இருந்து த்ரீ ஃபேஸ் குடுக்குற விஎஃப்டிங்கிற கருவி போட்டு ஓட்டலாம். மோட்டாரையே மாத்திடலாம்னு நினைக்காதீங்க, அந்த மவுண்ட் தனி டைப், கடையில கிடைக்கிற சாதாரண மோட்டார் நேரா உக்காராது. அதனால போறதுக்கு முன்னாடியே மோட்டார்ல வோல்ட், ஃபேஸ் எழுதியிருக்குற நேம் பிளேட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வெயிட்டும் அதிகம், ரெண்டு பேர் அப்படியே தூக்கி டிரக்ல வைக்கிற சாமான் இல்ல, பேஸ்மென்ட்டுக்குப் படியில இறக்கணும்னா டேபிளைக் கழட்டித்தான் ஆகணும்.

113 சாதாரண 110 வோல்ட் பிளக்ல ஓடும், விலையும் சல்லிசு. பழைய வி-பெல்ட் ஒரே வளைவுல இறுகிப்போய் தடதடன்னு ஆடும், துண்டு துண்டா கோத்த லிங்க் பெல்ட்டும் நல்ல புல்லியும் மாத்தினா அடங்கிடும். கொண்டுவரும்போது மோட்டாரை முதல்லயே கழட்டிடுங்க, அது தொங்க மெஷினை சாய்ச்சா வார்ப்பு ட்ரன்னியன் விரிசல் விட்டுடும். விரிசல் விட்டது எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம்.

என் தீர்ப்பு: சிங்கிள் ஃபேஸ் மோட்டாரோட, பீஸ்மேயர் பிராண்டு மாதிரி 'T' வடிவ டி-ஸ்கொயர் ஃபென்ஸோட யூனிசா கைக்கு எட்டுற விலையில வந்தா யோசிக்காம எடுங்க. 220 வோல்ட் இல்ல, கராஜ்ல காரும் நிக்கணும், தள்ளித் தள்ளி வைக்கணும்னா காஸ்ட் அயர்ன் விங் உள்ள 113, மிச்சக் காசுல நல்ல ஃபென்ஸ். எதை எடுத்தாலும் இந்தப் பழைய மெஷின்கள்ல ரைவிங் நைஃப், அதாவது அறுத்த மரம் பிளேடை நெருக்காம பின்னாடி நின்னு, பிளேடோட சேர்ந்தே ஏறி இறங்குற தகடு, கிடையாது, யூனிசாவுக்கே 2009 மாடல்லதான் வந்துச்சு, அதனால முதல் கட்டையை அறுக்குறதுக்கு முன்னாடி அதே வேலையை நிலையா நின்னு செய்யுற ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி மாட்டிடுங்க.